விடியற்காலைக் காற்று நல்ல காற்றுதானா?

எங்கள் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய கை அவருடையது. தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்டு, மகனோடு கோலாலம்பூருக்குக் குடிவந்து பல காலம் ஆகிவிட்டது. ஆனால், பெரட்டுக்குப் போகிறவரைப் போல இருட்டோடு எழுந்துகொள்ளும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஆறே முக்காலுக்கெல்லாம் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய சாலை ஓரமாகவே நடந்து, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார்.

பையனுக்கு ஆஸ்துமா. ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி அவர் கேட்டார்:

"ஏன் தம்பி, காலைக் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னுதானே பெரியவங்க சொல்வாங்க? இந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்துலதான் மூச்சு வாங்குது. சாயங்காலம் மழை பேஞ்சு விட்ட பெறகு திடல்ல ஓடி ஆடுறான், ஒண்ணும் ஆகறதில்ல. இது என்ன கூத்து?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று: பாட்டி கேட்டது வெறும் சந்தேகமல்ல, நல்ல கேள்வி. பையனின் நோய்க்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் காற்று ஏன் வேளைக்கு வேளை மாறுகிறது என்பதற்கு விடை நாம் குடியிருக்கும் ஊரின் மண்ணிலும், மலையிலும், மாதங்களிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இளைப்புள்ள பிள்ளை ஒன்றோ, இருமிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரோ இருக்கலாம். ஆகவே, வாசகர்களே, அந்த விடையை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்

கோலாலம்பூர் கடற்கரை நகரமன்று. 1857-ல் ஈயம் தேடி வந்தவர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு அதனுடன் கலக்கும் இடம்வரை வந்து கரையேறினார்கள். அந்தச் சேற்று முனையில் தோன்றிய குடியிருப்புத்தான் இன்றைய தலைநகரம். மேற்கே கிள்ளான் துறைமுகமும் மலாக்கா நீரிணையும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. கெந்திங் மலை உச்சி 1,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வடகிழக்கில் குவார்ட்ஸ் பாறையால் ஆன தாபூர் குன்று முதுகெலும்புபோல நீண்டு கிடக்கிறது.

கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் என்று ஊருக்கு ஊர் இடைவெளியின்றி வளர்ந்துவிட்ட இந்த நிலப்பரப்பைத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கு என்கிறோம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, பாருங்கள்! சமவெளியில் பரவும் புகை நாலாபுறமும் போய்விடும். பள்ளத்தாக்கில் பரவும் புகைக்குப் போக்கிடம் குறைவு. மலை ஒரு பக்கம் தடுத்துவிடுகிறது. மற்றப் பக்கத்தில் காற்று வீசினால்தான் வழி.

அந்தக் காற்றுத்தான் நம் ஊரில் கஞ்சத்தனம் செய்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் நாட்டில் பெரும்பாலான நாட்களில் காற்று மெதுவாகவே வீசுகிறது. அதிலும் இரவில், இலைகூட அசையாத அமைதி.

இரவில் விழும் மூடி

தோட்டத்தில் பிறந்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க முடியாது. விடியற்காலையில் புகைக்கூண்டிலிருந்து வரும் ரப்பர் புகை மேலே போகாது. கொஞ்ச உயரம் ஏறும், பிறகு யாரோ கையால் அழுத்தியதுபோலத் தட்டையாகி, லயத்துக் கூரைகளின்மேல் வெள்ளைத் துணி விரித்ததுபோல நிற்கும். வெயில் ஏறிய பிறகு அதே புகைக்கூண்டுப் புகை நேராக வானத்தை நோக்கிப் போகும். ஏன் அப்படி?

பொதுவாக, மேலே போகப் போகக் காற்று குளிரும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கெந்திங் மலைக்குப் போனால் குளிர்வதற்கு அதுதான் காரணம். கீழே சூடான காற்று இலேசாக இருப்பதால் மேலெழும். எழும்போது புகையையும் தூசியையும் தன்னோடு தூக்கிக்கொண்டு போகும். பகலில் நடப்பது இது.

இரவில் கதை தலைகீழாகிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழேயே தங்குகிறது. மலைச் சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் பள்ளத்தில் வந்து சேர்கிறது. அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று படுத்துக்கொள்கிறது. கீழே குளிர், மேலே சூடு. இப்படி அமைந்துவிட்டால் கீழ்க்காற்று மேலெழாது. பானைக்கு மூடி போட்டதுபோலத்தான். இதை 'வெப்பத் தலைகீழ் நிலை' என்று அறிவியலார் சொல்கிறார்கள்.

பகலில் புகை கலந்து பரவ ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ உயரம் கிடைக்கிறது. இரவிலோ சில நூறு மீட்டர்தான். ஒரே ஊதுபத்தியைப் பெரிய கூடத்தில் கொளுத்தினால் வாசனை மட்டும் வரும். அதையே கதவு சாத்திய சின்னச் சாமி அறையில் கொளுத்தினால் கண் எரியும். ஊதுபத்தி ஒன்றுதான், அறைதான் வேறு.

நடு நகரில் கட்டடங்களும் தார்ச் சாலைகளும் பகல் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்வதால், அங்கே மூடி அவ்வளவு கெட்டியாக விழுவதில்லை. ஆனாலும் காற்றசைவு இல்லாததால் பலன் ஏறத்தாழ அதேதான்.

சூரியனை முந்திய கடிகாரம்

இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கு மேல்தான். விடிவதும் ஏழு மணியையொட்டியோ சற்றுப் பிந்தியோதான்.

ஆனால் பள்ளியும் வேலையும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன, சூரியனைப் பார்த்தல்ல. ஆறரை மணிக்கே சாலைகள் நிரம்பிவிடுகின்றன. மோட்டார் சைக்கிள்களும், கார்களும், பள்ளிப் பேருந்துகளும், துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் புகை கக்கத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் இரவின் மூடி இன்னும் திறக்கவில்லை. வெயில் தரையைச் சுட வைத்து, காற்று மேலெழுந்து, மூடி கலைய ஒன்பது, பத்து மணியாகிவிடும். அதனால்தான் நகரத்துக் காற்றில் நுண்துகளும் வண்டிப் புகையும் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் ஏறி, பிற்பகலில் இறங்குகின்றன.

பாட்டியின் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிட்டது. தோட்டத்தில் விடியற்காலைக் காற்று நல்ல காற்றாக இருந்தது உண்மைதான். அங்கே மூடிக்குள் இருந்தது மரங்களின் குளிர்ச்சி. பெரிய சாலை ஓரத்தில் மூடிக்குள் இருப்பது வண்டிகளின் புகை. காலை அதே காலைதான். ஊர்தான் மாறிவிட்டது.

ஊஞ்சலாடும் காற்று

பகலில் என்ன நடக்கிறது? நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது. நிலத்தின்மேல் காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. கிள்ளான் கடற்கரையில் புறப்படும் கடற்காற்று பிற்பகலில் தலைநகரை எட்டுகிறது. வழியிலுள்ள துறைமுகம், தொழிற்பேட்டைகள், நெடுஞ்சாலைகள் எல்லாவற்றின் புகையையும் அது அள்ளிக்கொண்டு வருகிறது. பிறகு மலையில் மோதி மேலே எழுகிறது. இரவானதும் திசை மாறி, மலையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று இறங்குகிறது. நேற்றுப் போன புகையில் ஒரு பகுதி இன்று திரும்பி வருகிறது. ஊஞ்சல் ஆடுவதுபோல ஒரே காற்று போவதும் வருவதுமாக இருக்கும் நாட்களும் உண்டு.

பிற்பகலில் நுண்துகள் குறைந்தாலும் ஓசோன் என்னும் வாயு கூடுகிறது. வானத்தின் உச்சியில் ஓசோன் நமக்குக் குடை. தரையில் அதுவே மூச்சுக் குழலுக்கு எரிச்சல். வண்டிப் புகையில் உள்ள வாயுக்கள் கடும் வெயிலில் வெந்து ஓசோனாகின்றன. அது கடற்காற்றோடு நகர்ந்து, புகை விட்ட இடத்தைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்களிலும் சேர்கிறது. ஆக, உச்சி வெயிலில் விளையாடுவதும் நல்லதல்ல.

மாதங்களின் கணக்கு

நமக்குக் கோடை, குளிர் என்று பருவங்கள் இல்லை. மழைதான் நம் நாட்காட்டி. அந்த மழையே காற்றைக் கழுவும் துணியும் ஆகும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. தென் சீனக் கடலிலிருந்து வரும் மழையில் பெரும்பகுதியைக் கிழக்குக் கரையும் மலைத்தொடரும் வாங்கிக்கொள்கின்றன. நவம்பர், டிசம்பரில் நம் பக்கமும் நன்கு நனையும். ஜனவரிக் கடைசி தொடங்கி, பிப்ரவரியில் மேற்குக் கரை வறண்டுவிடும். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம் அது. காய்ந்த சருகு காட்டில் நடந்தால் நொறுங்கும் என்பது தோட்டத்தாருக்குத் தெரியும். 2014 பிப்ரவரி, மார்ச்சில் இந்த வறட்சி கடுமையாகி, சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. உள்ளூர்ச் சதுப்புக் காடுகளே தீப்பிடித்து, பள்ளத்தாக்கு புகையில் மூழ்கியது. புகை என்றால் அது எப்போதும் அடுத்த நாட்டிலிருந்தே வரும் என்று நாம் சொல்லிக்கொள்வது முழு உண்மையன்று.

ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரும் பருவக்காற்று மாறும் இடைக்காலம். காலையில் அமைதி, மதியம் புழுக்கம், மாலையில் இடியோடு மழை. கடற்காற்று மலையில் மோதி எழுவதால் வரும் மழை இது. பெரிய தூசிகளை இந்த மழை நன்றாகவே கழுவிவிடும். பாட்டியின் பேரன் மழைக்குப் பின் ஓடி ஆடும் மாலையில் காற்றும் கழுவிய காற்றாக இருந்திருக்கிறது.

மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காற்று நம்மை அடையும் முன்பே சுமத்ரா தீவு தன் மலைகளால் மழையைப் பிடித்துக்கொள்கிறது. ஜூன், ஜூலை நமக்கு வறண்ட மாதங்களாவது இதனால்தான். சில நாட்களில் விடிவதற்கு முன்னே 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் புயற்காற்று மழையோடு வந்து, மூடியைக் கிழித்து, ஊரைத் துப்புரவாக்கிவிட்டுப் போகும். அது வராத நாட்களில்தான் கவலை.

ஜெரெபு வந்த ஆண்டுகள்

மலாய்க்காரர் ஜெரெபு என்று சொல்லும் புகைமூட்டத்தின் கதையும் இதே பருவத்தைச் சேர்ந்தது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் பரந்த கரிச்சதுப்பு நிலங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் நீரில் ஊறி, முழுதும் மக்காமல், பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த நிலம் அது. பயிரிடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்த மண்ணே விறகாகிவிடும். தீ தரைக்கு அடியில் ஊர்ந்து, வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நீரிணைக்கு இப்பால் கொண்டுவருகிறது. மலைச்சுவர் அதை நம்மிடமே நிறுத்திவைக்கிறது.

எல்நினோ வந்து மழை பொய்க்கும் ஆண்டுகளில் இது பெருந்துன்பமாகிறது. 1997 செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2005 ஆகஸ்ட்டில் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் 500-ஐத் தாண்டின. அங்கும் அவசரநிலை. 2013 ஜூனில் மூவாரில் 746. அதே மாதம் 21-ஆம் நாள் சிங்கப்பூரின் குறியீடு 401 ஆனது. மலையே இல்லாத, சுற்றிலும் கடலுள்ள தீவுக்கும் அந்த நிலை! 2015-லும் 2019-லும் பள்ளிகளை மூட வேண்டிவந்தது. 2002-ல் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014-ல்.

மற்ற ஊர்களிலும் இதே கதை

நாம் மட்டும் தனியாக அவதிப்படவில்லை. டில்லி கடலுக்கு வெகு தொலைவில், வடக்கே இமயம் தடுக்க, கங்கைச் சமவெளியில் கிடக்கிறது. நவம்பரில் குளிர் தொடங்கியதும் மூடி விழுகிறது. அதே வாரங்களில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளை எரிக்கும் புகையும் வந்து சேர்கிறது. சென்னைக்குக் கடற்காற்று காவல் இருக்கிறது. ஆயினும் 2018 போகியன்று விடியற்காலைக் குளிரில் எரித்த பழம்பொருள்களின் புகை தரையோடு தங்கி, விமானங்களைத் தாமதப்படுத்தியது.

மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது. 1989-ல் அங்கே ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு நாள் ஓடக்கூடாது என்று விதி செய்தார்கள். பின்னர் பெட்ரோலையும் தொழிற்சாலைகளையும் திருத்தினார்கள். முன்போல் இல்லை இன்று அந்நகரத்துக் காற்று. மலையை நகர்த்த முடியாது. புகையைக் குறைக்க முடியும். நாமும் 2020 மார்ச்சில், நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சாலைகள் காலியானதும் வானம் தெளிந்ததைக் கண்ணால் கண்டோமே!

நாம் செய்யக்கூடியவை

முதலில் பாதையை மாற்றுங்கள். பிள்ளையைப் பெரிய சாலை ஓரமாக நடத்திச் செல்லாமல், ஒரு தெரு உள்ளே தள்ளி நடத்துங்கள். சில நிமிடம் கூடினாலும் புகை குறையும். பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர்கள் வண்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அந்தப் புகை பிள்ளைகளின் மூக்கு உயரத்திலேயே வருகிறது.

நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர்களே, நேரத்தை உங்களால் தேர்ந்துகொள்ள முடியுமானால் சாலை நெரிசலும் மூடியும் கலைந்த பிறகு போங்கள். மழை விட்ட மாலை இன்னும் நல்லது. மரங்களுள்ள பூங்கா கிடைத்தால் சாலையை நாட வேண்டாம். சாலையைப் பார்த்த சன்னல்களைக் காலை நெரிசலின்போது சாத்தி, பிற்பகலில் திறந்து வையுங்கள்.

வறண்ட மாதங்களில் சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடும் குறியீட்டைப் பாருங்கள். 50 வரை நன்று. 100 வரை நடுத்தரம். 101 முதல் 200 வரை உடலுக்கு ஆகாது. 300-க்கு மேல் அபாயம். 2018 முதல் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் அதன் அளவு. நெஞ்சின் ஆழம்வரை போகக்கூடியது. நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுப்பதால், இந்த நிமிடத்துப் புகை எண்ணில் உடனே தெரியாது. கண்ணையும் மூக்கையும் சேர்த்தே நம்புங்கள். ஈரத்துணி இந்தத் துகளைத் தடுக்காது. வெளியே போயே ஆகவேண்டுமென்றால், முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 கவசம் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவே கூடாது. உறிஞ்சும் மருந்து பையில் இருக்கட்டும்.

கடைசியாக, மிக முக்கியமாக: எரிக்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சமயச் சடங்கு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. மாலையில் கொல்லைப்புறத்தில் குவித்துக் கொளுத்தும் சருகும் பிளாஸ்டிக்கும் இரவு மூடிக்குள் அடைபட்டு, காலைவரை தெருவிலேயே நிற்கும். தீபாவளி நள்ளிரவு வெடிக்கும் இதே கணக்குத்தான். மகிழ்ச்சி நமது, மூச்சு பக்கத்து வீட்டுக் குழந்தையுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து பேரனைத் திடலுக்குப் பின்னாலுள்ள சந்து வழியாக அழைத்துப் போகிறார். பையனின் இளைப்பு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மருத்துவமும் காலமும் வேண்டும். வழியில் நின்று இருமுவது குறைந்திருக்கிறது என்று பாட்டி சொல்கிறார்.

சென்ற வாரம் மாலையில் கீழ் வீட்டுக்காரர் ஒருவர் சருகைக் கூட்டித் தீ வைக்கப் போனார். மூன்றாம் மாடியிலிருந்து பாட்டியின் குரல் கேட்டது. காட்டில் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பழகிய குரல் அல்லவா! தெருவே திரும்பிப் பார்த்தது.

"அதுல தண்ணிய ஊத்துய்யா! காலையில என் பேரன் மூச்சு விடப் போற காத்து அது!"

அவர் தீக்குச்சியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சருகைப் பையில் அள்ளினார்.